சந்தேகத்தின் பலன்

எங்கள் வீட்டுப் பரணில் பன்னிரண்டு வருடம் ஒரு ஆங்கில வாக்கியம் கிடந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இந்நோய் இராணுவப் பணியால் உண்டானதும் அல்ல, இராணுவப் பணியால் தீவிரமடைந்ததும் அல்ல." 2005 பிப்ரவரியில் சித்தப்பாவை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவ வாரியம் எழுதிய வரி. நோயின் பெயர் ஸ்கிசோஃப்ரீனியா, தமிழில் மனச்சிதைவு. ஊனம் 40 சதவீதம். கீழே மூன்று டாக்டர்களின் கையெழுத்து.

அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதன் விளைவு மட்டும் தெரியும். பென்ஷன் கிடையாது.

கணக்கு எளிமையானது. சிப்பாய் ஒருவர் சாதாரண பென்ஷன் வாங்க 15 வருட சர்வீஸ் வேண்டும். உடம்பு சரியில்லை என்று இடையில் அனுப்பினால், நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டால், அப்போதைய விதிப்படி குறைந்தது 10 வருடமாவது ஆகியிருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு எட்டு வருடம் பதினோரு மாதம். ஆகவே ஒரு தொகையைப் பணிக்கொடையாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நோய்க்கும் பணிக்கும் சம்பந்தம் உண்டு என்று அதே வாரியம் எழுதியிருந்தால் சர்வீஸ் எத்தனை வருடம் என்ற கேள்வியே வந்திருக்காது. ஆயுள் முழுக்க ஊன ஓய்வூதியம் வந்திருக்கும், கேன்டீன் கார்டு வந்திருக்கும், மருந்துச் செலவுக்கு ஒரு வழி இருந்திருக்கும். பென்ஷன் இல்லாததால் அரசாங்கப் பதிவேட்டில் அவர் முன்னாள் இராணுவத்தினரும் இல்லை. ஒன்பது வருடம் கொஞ்சம் குறைய வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு வந்த ஆள், அவ்வளவுதான்.

வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் என்று பேர் வாங்கிய ஊர்கள் இருக்கிற பகுதி. எங்கள் தெருவிலேயே நாலு பேர். மாசா மாசம் கேன்டீன் பையோடு வருகிற மாமாக்களைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். சித்தப்பாவும் அப்படித்தான் ஆசைப்பட்டார். 1996-இல் பத்தொன்பது வயதில் ஆள்சேர்ப்புக்குப் போனார். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவது, புல்-அப்ஸ், கட்டை மேல் விழாமல் நடப்பது. எல்லாவற்றிலும் முதல் வரிசை. பிறகு டாக்டர் நெஞ்சைத் தட்டி, பல்லை எண்ணி, கண்ணைப் பார்த்து, ஃபிட் என்று எழுதினார். மனசை யாரும் சோதிக்கவில்லை. அதிகாரியாகச் சேருகிறவர்களுக்கு உளவியல் சோதனை அப்போதே இருந்தது. சிப்பாய்க்குக் காலும் நுரையீரலும் போதும்.

*

பெட்டியை நான் இறக்கியது 2017-இல். கறுப்பு டிரங்குப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பேரும் நம்பரும். நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் ஆங்கிலம் தடங்கலில்லாமல் படிக்கிற முதல் ஆள் நான்தான். பேங்க் லெட்டர், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் எல்லாம் என்னிடம்தான் வரும். உங்களில் நிறைய பேர் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும்.

பெட்டிக்குள் இருந்தவை: பச்சை ஸ்வெட்டர், இரண்டு மெடல், டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவ வாரியத்தின் அறிக்கை, இன்லேண்ட் லெட்டர்கள் ஒரு கட்டு, அப்புறம் ஒரு நிராகரிப்புக் கடிதம். 2005-இலேயே அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் கொடுத்து ஒரு பக்கத்துக்கு மேல்முறையீடு போட்டிருக்கிறார். "ஐயா, நாங்கள் ஏழைகள், கருணை காட்டவும்" என்ற வகை மனு. அடுத்த வருடம் பதில் வந்தது. அதில் இருந்ததும் அதே வரி. உண்டானதும் அல்ல, தீவிரமடைந்ததும் அல்ல. அதோடு அப்பா விட்டுவிட்டார்.

இராணுவப் பேச்சு வழக்கில் இந்த வரிக்கு ஒரு சுருக்கப் பேர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'நானா' என்பார்கள். முதல் நாள் வக்கீல் சார், "நானா கேஸாம்மா?" என்று கேட்டபோது பக்கத்தில் இருந்த சித்தி, "நீங்க இல்ல சார், எங்க வீட்டுக்காரரு" என்றாள்.

நோய் எப்படி வந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் இருந்தது. ஆயாவைக் கேட்டால், "எவனோ இன்னாவோ வச்சிட்டான்டி. லீவுல வந்தப்பவே கண்ணு சரியில்ல" என்பாள். தெருவில் கேட்டால் ரம். சித்தப்பா ரம்மைத் தொட்டதே இல்லை, பங்குக்கு வருவதை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார். ஆனாலும் மிலிட்டரி என்றால் ரம். அப்பாவைக் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். சித்தி மட்டும்தான் தேதியோடு சொல்வாள். "2002 நவம்பர்ல எனக்குக் கல்யாணம். பார்டர்ல பத்து மாசம் இருந்துட்டு நேரா வந்தாரு. ராத்திரி தூங்கவே மாட்டாரு. கதவுக்கு நேரா உக்காந்துக்குனு இருப்பாரு. புதுப் பொண்ணு, யார்கிட்ட போய் இதைச் சொல்றது?"

சித்தி சொன்ன பார்டர், ஆபரேஷன் பராக்ரம். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு லட்சக்கணக்கான துருப்புகளை எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். போர் வரும் வரும் என்று 2002 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். போர் வரவில்லை. ராஜஸ்தான் மணலில் கண்ணிவெடி புதைத்து, பிறகு அவற்றைத் திரும்ப எடுத்ததில் செத்தவர்கள், கால் போனவர்கள் உண்டு. அதற்கு முன்னால் 1998-லிருந்து இரண்டரை வருடம் சித்தப்பா காஷ்மீரில் குப்வாரா பக்கம் இருந்தார். நோய் வெளியே தெரிந்தது மட்டும் 2004-இல், வடக்கே ஒரு கன்டோன்மென்ட்டில், அமைதியான இடத்தில். ராத்திரி பாரக்கை விட்டுக் கிளம்பி நடக்க ஆரம்பித்திருக்கிறார். வயர்லெஸ்ஸில் தன் பேரைச் சொல்கிறார்கள் என்றிருக்கிறார்.

மருத்துவ வாரியம் பிடித்துக்கொண்டது இதைத்தான். நோய் ஆரம்பித்தது பீஸ் ஸ்டேஷனில், ஆகவே பணியின் அழுத்தம் காரணமில்லை. கூடவே இன்னொரு காரணம்: இந்த நோய் 'உடல்வாகு சார்ந்தது'. அதாவது ஆளே அப்படி.

*

இந்த வழக்கமே இராணுவங்களுக்குப் பழையது. முதல் உலகப் போரில் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அந்தப் பெயர் பரவியதும் பிரிட்டிஷ் இராணுவம் அதை இரண்டாகப் பிரித்தது. எதிரியின் குண்டு பக்கத்தில் வெடித்து மனம் கலங்கியவர் 'காயம்பட்டவர்'. அவருக்குச் சட்டைக் கையில் காயப்பட்டை உண்டு, பென்ஷன் உண்டு. குண்டு எதுவும் வெடிக்காமலே உடைந்துபோனவர் 'நோயாளி'. அவருக்கு இரண்டும் கிடையாது. ஒரே நடுக்கம், ஒரே தூக்கமின்மை, ஆனால் இரண்டு எழுத்துகள். நூறு வருடம் கழித்து எங்கள் பெட்டியில் இருந்ததும் அதே பிரிவினைதான்.

அமெரிக்காவில் வியட்நாமிலிருந்து திரும்பியவர்களும் அவர்களோடு நின்ற மனநல மருத்துவர்களும் பல வருடம் போராடிய பிறகு 1980-இல்தான் பி.டி.எஸ்.டி. என்ற நோய் அதிகாரப்பூர்வமான கையேட்டில் ஏறியது. அதற்குப் பிறகும் ஊன உதவி மறுக்கப்பட்டால் முன்னாள் வீரர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 1988-இல் சட்டம் போட்டுத்தான் அந்தக் கதவைத் திறந்தார்கள். ஆனால் அங்கே ஒரு நல்ல விதி இருக்கிறது. இரண்டு பக்கச் சான்றுகளும் ஏறக்குறைய சமமாக இருந்தால் வீரருக்குச் சாதகமாகத் தீர்மானிக்க வேண்டும். தராசு நடுவில் நின்றால் அவர் பக்கம் சாய்.

இங்கேயும் அப்படி ஒரு விதி இருக்கிறது என்று சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. 1982-ஆம் ஆண்டின் ஓய்வூதிய உரிமை விதிகள். சித்தப்பாவுக்குப் பொருந்துவது அவைதான். அதன் சாரம் இது: ஒருவரைச் சேர்க்கும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் உடலாலும் மனதாலும் நல்ல நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு நோயால் வெளியே அனுப்பினால் அந்தக் கேடு பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் வீரருக்கு.

விதி 1982-இல் இருந்தது. அதைப் பின்பற்ற வைக்க உச்ச நீதிமன்றத்துக்கு 2013 வரை ஆனது. சிக்னல்ஸ் படைப்பிரிவில் 1985-இல் சேர்ந்து வலிப்பு நோயால் 1994-இல் அனுப்பப்பட்ட தரம்வீர் சிங் என்பவரின் வழக்கு அது. சேர்க்கும்போது கண்டுபிடிக்க முடியாத நோய் என்று மருத்துவ வாரியம் நினைத்தால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும், வெறுமனே 'உடல்வாகு' என்று எழுதினால் போதாது என்றது நீதிமன்றம். அதே வருடம் வீர்பால் சிங் என்ற இன்னொருவரின் வழக்கும் முடிந்தது. 1972-இல் சேர்ந்தவர், 1977-இல் ஸ்கிசோஃப்ரீனியா என்று அனுப்பப்பட்டவர். அந்த வழக்கில் நீதிபதிகள் மனநல மருத்துவப் புத்தகங்களையே புரட்டி, எரிச்சல்படுகிறார், சண்டை போடுகிறார் என்று எழுதுவது மட்டும் ஒரு நோயறிதல் ஆகுமா என்று பார்த்தார்கள். மறுபடி ஒரு வாரியம் வைத்துப் பரிசோதிக்கச் சொன்னார்கள். டாக்டர்களின் கருத்தை மதிக்க வேண்டும், ஆனால் அது கேள்விக்கு அப்பாற்பட்டது அல்ல என்பதுதான் விஷயம். வெளியே அனுப்பப்பட்டு 36 வருடம் கழித்து.

ராத்திரி ஹாஸ்டலில் ஃபோனை வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்புகளைப் படித்தேன். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் புரிந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். சட்டம் அதைக் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று யாருக்குமே உறுதியாகத் தெரியாதபோது, அந்தத் தெரியாமையின் பாரத்தை யார் சுமப்பது என்று கேட்கிறது. பன்னிரண்டு வருடம் அதைச் சுமந்தது ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற சித்தி.

*

வழக்குப் போட எல்லாம் தயார். சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

அவரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலை நாலரைக்கு எழுவார். ஷேவ் செய்யாமல் வெளியே வர மாட்டார். மாத்திரை ஒழுங்காகப் போகும்போது மாட்டைப் பிடித்துக் கட்டுவார், பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், கம்மியாகப் பேசுவார். மாத்திரை நின்றால் பத்து நாளில் தெரிந்துவிடும். ஆனால் எந்த நிலையிலும் தனக்கு நோய் என்று ஒப்புக்கொண்டதில்லை. ஆர்மியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

மனுவை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். "ஊனம்" என்ற இடத்தில் நிறுத்தினார்.

"எனக்குக் கை கால் நல்லாத்தானே இருக்குது பாப்பா? ஊனம்னு ஏன் எழுதியிருக்கீங்க?"

"அது சட்டத்துல அப்படித்தான் சித்தப்பா பேரு."

"நான் பைத்தியம்னு நானே கையெழுத்துப் போடணுமா? ஆர்மி என்னைப் பைத்தியம் ஆக்கிடுச்சுன்னு போடணுமா? அது என்னை ஒண்ணும் பண்ணல."

மூன்று வாரம் இப்படியே போனது. சித்தி கெஞ்சினாள், திட்டினாள், பேசாமல் இருந்தாள். ஆயா குலதெய்வத்துக்கு முடிந்துவைத்தாள். எனக்கும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவரைத் தாங்கி நிறுத்துவது அந்த ஒன்பது வருடப் பெருமைதான். அதையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றித்தான் அவருக்குச் சோறு வாங்க வேண்டுமா?

வக்கீல் சாரும் பழைய இராணுவத்துக்காரர். ஊருக்கே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து சித்தப்பாவிடம் ஹிந்தியில் ஏதோ யூனிட் கதை பேசினார். பிறகு தமிழில் சொன்னார்: "தம்பி, இதுல நீ கிறுக்கன்னு எழுதல. நீ சேரும்போது முழு ஃபிட்டா சேர்ந்தேன்னு எழுதியிருக்கு. உடம்பும் ஃபிட், மனசும் ஃபிட். அது உண்மைதானே? அதுல எவனாவது சந்தேகப்பட்டா அவன்தான் நிரூபிக்கணும்னு எழுதியிருக்கு."

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஷேப் ஒன் சார்" என்றார்.

ஷேப் என்பது இராணுவத்தின் மருத்துவத் தரவரிசை. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. மனம், காது, கைகால், உடல், கண். எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினால் ஷேப் ஒன். முதல் எழுத்து மனசுக்கு. 2005-இல் அவரை அனுப்பும்போது அந்த முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ஐந்து என்று போட்டிருந்தார்கள். மற்ற நாலும் ஒன்றுதான்.

கையெழுத்துப் போட்டார். பேருக்குக் கீழே நம்பரையும் ரேங்கையும் எழுதினார்.

*

2018-இல் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். 2007-இல் சட்டம் வந்து 2009-இல் தொடங்கிய தீர்ப்பாயம் இது. அதற்கு முன்னால் இந்த வழக்குகளெல்லாம் உயர் நீதிமன்றங்களில் மற்ற ரிட் மனுக்களோடு வரிசையில் நின்றன. ஒரு அமர்வில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் நீதித்துறையிலிருந்து வருபவர், இன்னொருவர் ஓய்வுபெற்ற இராணுவ உயரதிகாரி.

சான்றுக்காக நாங்கள் மூன்று விஷயத்தைக் கொடுத்தோம். முதலாவது யூனிட்டே எழுதியது. மனநலப் பிரிவுக்கு ஒரு சிப்பாயை அனுப்பும்போது அவருடைய அதிகாரி ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். ஆள் எப்படி, எப்போதிருந்து மாற்றம், குடிப்பாரா என்றெல்லாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். 2003 வரை நல்ல உழைப்பாளி, நம்பகமானவர், குடிப்பழக்கம் இல்லை, தண்டனை எதுவும் இல்லை என்று அந்த அதிகாரி எழுதியிருந்தார். தெருக்காரர்களின் ரம் கதைக்கும், 'ஆளே அப்படி' என்ற வாரியத்தின் கதைக்கும் அந்தப் படிவமே பதில்.

இரண்டாவது கடிதங்கள். '56 ஏ.பி.ஓ.' முத்திரை குத்தி வந்த இன்லேண்ட் லெட்டர்கள். 1997-இல் எழுதியதில் ஆடு எத்தனை குட்டி போட்டது, அண்ணன் பொண்ணு நடக்கிறாளா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அந்த அண்ணன் பொண்ணு நான்தான். 2000-க்குப் பிறகு வரிகள் குறைகின்றன. 2003-இல் வந்த ஒரு கடிதத்தில் ஒரே வரி நாலு தடவை இருக்கிறது: "யாரும் கதவைத் திறக்க வேண்டாம்." வக்கீல் அதை மொழிபெயர்த்து வைக்கச் சொன்னார். நானே மொழிபெயர்த்தேன்.

மூன்றாவது, இப்போது வைத்தியம் பார்க்கிற டாக்டரின் சான்றிதழ். அவர் நேர்மையாகப் பேசினார். "இந்த நோய் ஆம்பளைப் பசங்களுக்குப் பெரும்பாலும் பதினெட்டுலேர்ந்து இருபத்தஞ்சுக்குள்ளதான்மா ஆரம்பிக்கும். அதே வயசுலதான் ஆர்மிக்கும் எடுக்கறாங்க. மிலிட்டரிக்குப் போகாம இருந்திருந்தா வந்திருக்காதுன்னு நான் எழுதித் தர முடியாது. ஆனா மாசக்கணக்கா தூக்கமில்லாம, பயத்துலயே இருந்தா இது சீக்கிரம் வெளிய வரும், வந்தது மோசமாகும். அதை எழுதலாம்."

உண்டானது, தீவிரமடைந்தது. அந்தப் பழைய வரியில் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முதலாவதை நாங்கள் விட்டுக்கொடுத்தோம். இரண்டாவதில் நின்றோம்.

டாக்டர் சொன்ன அந்தச் சந்தேகத்தையே 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எழுப்பியது. நர்சிங் யாதவ் என்ற சிப்பாயின் வழக்கு, அதுவும் ஸ்கிசோஃப்ரீனியா. மனநோயைச் சேர்க்கும்போது நடக்கிற பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே பணிக்காலத்தில் வந்தது என்பதாலேயே பணியால் வந்தது என்று ஆகாது, அந்த ஆளுக்குக் கொடுத்த வேலையில் அப்படி அழுத்தம் இருந்ததா என்று ஒவ்வொரு வழக்கிலும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவருக்குக் கிடைக்கவில்லை. வக்கீல் சார் ஃபோன் செய்தபோது குரலே இறங்கியிருந்தது.

அந்தத் தீர்ப்பை நான் கோபத்தோடுதான் படித்தேன். படித்து முடித்தபோது அதை முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியவில்லை. கிளர்க் வேலையில் ஒரு வருடம் இருந்தவரும் குப்வாராவில் இரண்டரை வருடம் இருந்தவரும் ஒன்றில்லை. ஆனால் எனக்கு இன்றைக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. சோதிக்க முடியாது என்று தெரிந்தும் அந்த வயதுப் பையன்களைத்தான் எடுக்கிறார்கள். எடுத்தவர்களில் சிலருக்கு இது வரும் என்பதும் தெரியும். அந்தச் சிலரின் பாரம் மட்டும் ஏன் அவரவர் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும்?

எங்கள் விஷயத்தில் அந்தத் தீர்ப்பே ஒரு விதத்தில் உதவியது. தனியாகப் பார் என்றால் பார்க்கட்டும் என்று வக்கீல் சார் காஷ்மீர், பராக்ரம் இரண்டையும் தேதிவாரியாக வைத்தார். கடைசிக் களப்பணி முடிந்து புது இடத்தில் ஒன்றரை வருடத்துக்குள் நோய் தெரிந்திருக்கிறது. பீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்தது என்றால் நோய் அங்கே வெளியே வந்தது என்றுதான் அர்த்தம்.

ஒரே ஒரு வாய்தாவுக்குச் சித்தப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. உள்ளே அமர்வில் இருந்த இராணுவ உறுப்பினரைப் பார்த்ததும் சட்டென்று அட்டென்ஷனில் நின்றார். எங்கள் கேஸ் வர நேரமாகும், உட்காருங்கள் என்று சித்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த உறுப்பினர் நிமிர்ந்து பார்த்தார். மைக்கைத் தள்ளிவிட்டு மெதுவாக, "விஷ்ராம்" என்றார். சித்தப்பா கால்களை அகட்டிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மறுபடி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

*

கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போய் 2021-இல் உத்தரவு வந்தது. பணியால் தீவிரமடைந்த நோய் என்று ஏற்றுக்கொண்டார்கள். சேர்க்கும்போது ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கு வாரியம் காரணம் எழுதவில்லை, கடினமான இடங்களில் இருந்த காலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பவை காரணங்கள். 40 சதவீதம் 50 ஆக ஆனது. 50-க்குக் கீழ் இருந்தால் 50, அதற்கு மேல் 75 வரை 75, அதையும் தாண்டினால் 100 என்று உயர்த்துகிற சலுகையை 2014-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லோருக்கும் விரித்திருந்தது.

நிலுவைத் தொகை மட்டும் வழக்குப் போட்ட தேதிக்கு மூன்று வருடம் முன்னால் வரைதான். பென்ஷன் மறுக்கப்படுவது மாதா மாதம் தொடர்கிற தவறு, ஆகவே எவ்வளவு தாமதமாக வந்தாலும் வழக்குப் போடலாம், ஆனால் பழைய பாக்கி மூன்று வருடத்துக்குத்தான் என்பது 2008-இலேயே தர்சேம் சிங் வழக்கில் தீர்ந்துபோன விஷயம். எங்களுக்கு 2015-லிருந்து கிடைத்தது. 2005 முதல் 2015 வரை பத்து வருடம் அப்படியே போயிற்று.

வக்கீல் சார் இதைப் பொறுமையாக விளக்கினார். சித்தி எல்லாம் கேட்டுவிட்டு, "லேட்டா வந்தது எங்க தப்புன்றாங்களா சார்?" என்றாள்.

"தப்புன்னு சொல்லலம்மா. சட்டத்துல அப்படி ஒரு வரம்பு."

"இவரை டிரெய்ன்ல ஏத்தி வுட்டப்ப இந்த மாதிரி ஒரு கோர்ட்டு கீது, நீ கேக்கலாம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்களா? தமிழ்ல வேணாம், இங்கிலீஷ்லயாவது?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்தப் பத்து வருடத்தில்தான் சித்தியின் தாலி இரண்டு தடவை அடகுக்குப் போயிருக்கிறது, ஒரு காணி நிலம் போயிருக்கிறது, மாத்திரை வாங்கக் காசில்லாமல் நிறுத்தியதில் சித்தப்பா மூன்று தடவை காணாமல் போய்க் காட்பாடி ஸ்டேஷனில் கிடைத்திருக்கிறார்.

உத்தரவு கையில் வந்தும் பணம் வர இன்னும் ஒரு வருடம். அதை அமல்படுத்தச் சொல்லி மறுபடி ஒரு மனு. 2022-இல் முதல் மாதத் தொகை ஏறியபோது சித்தப்பா பாஸ்புக்கைப் பதித்து வாங்கிக்கொண்டு வந்து ஆயாவிடம் காட்டினார். இப்போது இராணுவ நலத்திட்ட மருத்துவமனையில் மாத்திரை கிடைக்கிறது. சித்தி ஓவர்டைம் பார்ப்பதை விட்டுவிட்டாள், வேலையை விடவில்லை. பாப்பா நர்ஸிங் படிக்கிறாள். வருடத்துக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். அந்த நாளுக்குச் சித்தப்பா ஒரு வாரம் முன்னாலேயே சட்டையைத் தேய்த்து வைத்துவிடுகிறார்.

நோய் போகவில்லை. சிலபேர் அப்படி எதிர்பார்த்தார்கள். "கேஸ் ஜெயிச்சாச்சே, இன்னும் ஏன் தனியாப் பேசறாரு?" என்று ஒரு அத்தை கேட்டாள். ஜெயித்தது நோயை இல்லை அத்தை.

இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து என்னைத் தேடி வருகிறார்கள். நான் வக்கீல் இல்லை, படித்துச் சொல்வேன், அவ்வளவுதான். பெரும்பாலும் பெண்கள், அம்மாவோ மனைவியோ. புருஷன் எங்கே என்றால் வீட்டில் இருக்கிறார் என்பார்கள், குரலைத் தாழ்த்தி. கையில் மஞ்சப் பையில் காகிதம் இருக்கும். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தொலைக்காதீர்கள். மருத்துவ வாரிய அறிக்கையின் எல்லாப் பக்கமும் வேண்டும், இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அனுப்பப்பட்ட வருடம் எது என்று பாருங்கள். 1982 விதியா, 2008 விதியா, 2023 செப்டம்பரில் வந்த புது விதியா என்பதைப் பொறுத்து வாதமே மாறும். அங்கிருந்து எழுதிய பழைய கடிதம் ஒன்று இருந்தாலும் எடுத்து வையுங்கள். யோசிப்பதாக இருந்தால் நாளைக்குள் யோசியுங்கள், ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் ஒரு மாதப் பணம் போகிறது.

போன மாதம் வந்த அம்மா ஒருத்தர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், "என் புள்ள நல்லாத்தான் போனான்மா. அதை எப்படிம்மா நான் நிரூபிக்கறது?" என்றார்.

நீங்கள் நிரூபிக்க வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.